நேராக நின்ற பிக்கப்

எனக்குக் கெல்சென்கிர்ச்சனில் மேல்மாடி அறையை வாடகைக்குத் தந்த அக்கா, மணவறை வாடகைக்கு விடுகிறவர். சிங்க முகம் வைத்த தூண்கள், வளைவுகள், இரண்டு சிம்மாசனக் கதிரைகள், தூண்களை விழாமல் பிடித்துவைக்கும் இரும்புத் தளத்தகடுகள், குத்துவிளக்குகள், பிள்ளையார், அம்மி. கலியாண வீட்டார் மண்டபத்தைப் பிடித்துவிட்டு அக்காவுக்கு ஒரு போன் எடுத்தால் போதும், அவ்வளவும் ஒரு மூடிய ட்ரெய்லரில் ஏறி, பிக்கப் ஒன்றின் பின்னால் போய் இறங்கும். அக்கா மன்னாரைச் சேர்ந்த வேதக்காரி, கத்தோலிக்கர். ஞாயிறு காலை தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டு வந்து, பின்னேரம் பிள்ளையாருக்குத் தூசு தட்டுவார்.

தொழிலைத் தொடங்கியது அவருடைய கணவர். அண்ணைக்கு நீரிழிவு. அந்தச் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது. நான் அங்கே போன வருடம் அவருக்கு வெளிச்சமும் உருவமும் தெரியும், முகம் தெரியாது. பிக்கப்பின் சாவியை அவர் தானாகவே மேசையில் வைத்துவிட்டார் என்று அக்கா சொன்னார். அதன் பிறகு மச்சான்மாரும் தெரிந்தவர்களும் மாறி மாறி ஓட்டினார்கள். கலியாண நாள் காலையில் போன் எடுத்து, தனக்குக் காய்ச்சல் என்று சொல்கிறவர்களும் அதில் இருந்தார்கள். மணவறை இல்லாமல் ஒரு மாப்பிள்ளை வெறும் கதிரையில் இருந்து தாலி கட்டியதும் நடந்தது.

அக்கா ஐம்பதைத் தாண்டிய வயதில் ட்ரெய்லர் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தது அதற்குப் பிறகுதான். பின்னுக்கு எடுப்பதில் ஒரு தடவை தவறவிட்டு, இரண்டாம் தடவை எடுத்தார். டோர்ட்முண்ட் பக்கத்தில் மண்டப அலங்காரம் செய்கிற ஒருவர் மணவறையை முழுதாக வாங்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கோடை முடிவதற்குள் அக்கா தனியாக ஓட்டிப் போய்வரப் பழகவேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிடுவது என்று இருவருக்கும் இடையில் பேச்சு. விற்றால் அக்காவுக்கு இருந்தது பழைய வேலைதான். அலுவலகக் கட்டடங்களில் விடியமுன் நிலம் துடைப்பது. இருபது வருடத்துக்குக் கிட்டச் செய்து, முழங்காலையும் இடுப்பையும் அதில் விட்டுவிட்டு வந்தவர்.

எனக்கு ட்ரெய்லர் தெரியும். அதற்கு முதல் வடக்குக் கரையோரத்தில் ஒரு கடைக்கு, விடுமுறைக்காரர்கள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கரவன்களைத் தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்து கொடுத்தேன். அந்தக் கடை மூடியது. அதற்கு முதல் வீடு மாற்றும் கம்பெனி, அதற்கு முதல் இறைச்சித் தொழிற்சாலை, அதற்கு முதல் அகதி முகாமில் சும்மா இருந்தது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, சண்டை காரணம். இங்கே ஆஸ்பில்டுங் என்று தொழிற்படிப்பு இரண்டு தடவை தொடங்கி இரண்டையும் இடையில் விட்டேன். அதற்குச் சண்டை காரணமில்லை. ஓரிடத்தில் கனகாலம் நின்றால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும். கெல்சென்கிர்ச்சனில் ஒரு கார் கழுவும் இடத்தில் காலை வேலை கிடைத்திருந்தது. மற்ற நேரங்களில் தான் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து வரமுடியுமா என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன்.

அந்தப் பிக்கப்பை முதலில் பார்த்தபோது அது மேசை மாதிரி நேராக நின்றது. எனக்கு அது கண்ணில் பட்டது. சுமை வண்டிகள் காலியாக நிற்கும்போது அப்படி நிற்பதில்லை. பின்பக்கம் சற்று உயர்ந்து, முன்பக்கம் தணிந்து நிற்கும். பின்னால் பாரம் ஏறும்போது வில்லுத் தகடுகள் அமர்ந்து வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்று கணக்குப் பார்த்தே அப்படிச் செய்கிறார்கள். இதன் முன்பக்கத்தை யாரோ உயர்த்தியிருந்தார்கள்.

உயர்த்தியது அக்காதான். ஒரு மண்டப வாசலில் மச்சான்மார் நின்று, “உங்கட வாகனம் என்னக்கா எல்லாருக்கும் குனிஞ்சு கும்பிடுது” என்று கேட்டுச் சிரித்தார்களாம். லைசன்ஸ் கையில் கிடைத்த கிழமையே அக்கா வாகனம் திருத்தும் வேர்க்ஸ்டாட்டுக்குப் போய், முன் ஸ்பிரிங்குகளின் மேல் தடித்த உலோக வளையங்களை வைப்பித்து, டியூஃப் பரிசோதனையும் செய்து, வாகனப் பத்திரத்திலும் பதிவித்துவிட்டார். எல்லாம் சட்டப்படி. அண்ணையிடம் சொல்லவில்லை.

“நான் இந்த நாட்டில குனிஞ்சு துடைச்சது காணும் தம்பி,” என்றார். “வாகனமாவது நிமிந்து நிக்கட்டும்.”

 காலியாக ஓடினால் அதில் பெரிய கெடுதல் இல்லை. பின்பக்கம் பாரம் தாங்குகிற ஸ்பிரிங்குகள் பழையபடியே இருந்தன. அமர்வதற்கு விட்டுவைத்த இடம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

முதலாவது தூரப் பயணம் ஸ்டுட்கார்ட்டுக்கு. சனிக்கிழமை கலியாணம், வெள்ளி பின்னேரம் மண்டபம் திறந்துவிடுவார்கள். நான் கார் கழுவும் வேலை முடிந்து வந்தபோது சாமான் எல்லாம் ஏற்றி, ட்ரெய்லரைப் பூட்டி, பிக்கப்பின் பின்னால் உள்ள இரும்புக் குண்டில் கொழுவியிருந்தது. அக்கா என்னை ஒரு பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி வண்டியைக் காட்டினார். ஒன்றரைத் தொன்னுக்கு மேல் பின்னால் தொங்குகிறது, பிக்கப் ஒரு விரல்கூட இறங்கவில்லை. பாரும் தம்பி, அசைஞ்சதோ, என்று கேட்டார். அசையவில்லைதான். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. உள்ளே எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டேன். வழக்கம்போலத்தான் என்றார். மண்டபத்துக்காரர் சொன்ன நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டோம்.

சவர்லாண்ட் மலைகளுக்குள் ஆட்டோபான் நெடுஞ்சாலை ஏறி இறங்கிப் போகும். ஏற்றத்தில் லொறிகளோடு லொறியாகப் போனோம். அக்கா நன்றாக ஓட்டினார். கண்ணாடியைப் பார்க்கவேண்டிய நேரத்தில் பார்த்தார், இடைவெளி விட்டார். நீண்ட ஓர் இறக்கத்தில் ஒரு சுற்றுலா பஸ் எங்களைத் தாண்டியது. அது தாண்டும்போது தள்ளிய காற்றில் ட்ரெய்லரின் வால் ஒரு பக்கம் போனது. திரும்பி வந்தது. மற்றப் பக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகப் போனது. பிக்கப்பை யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. அக்கா அது போகும் பக்கத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பினார். எல்லோரும் செய்வது அதுதான், அது ஆட்டத்தை இன்னும் கூட்டும்.

“திருப்பாதேங்கோ. நேரை இறுக்கிப் பிடியுங்கோ. இப்ப பிரேக்கை அமத்துங்கோ, அக்கா, அமத்துங்கோ.”

அமர்த்தினார். பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே விலகினார். ஆட்டம் இரண்டு மூன்று தடவை பெரிதாக வந்து, பிறகு குறைந்து, நின்றது. அடுத்த இளைப்பாறும் இடம் வரைக்கும் ஊர்ந்து போனோம். அக்கா இறங்கி, கையை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு, போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து என் இடத்தில் ஏறி இருந்தார்.

“நீர் ஓடும். நான் இனி இதைத் தொடமாட்டன்.”

மிச்ச வழி முழுக்க நான் அறுபதில் ஓட்டினேன்.  ஹைல்பிரோன் நகரம் தாண்டியதும் அக்கா சொன்னார், இதை அண்ணையிடம் சொல்லவேண்டாம் என்று. கலியாணம் முடிந்து போய், டோர்ட்முண்ட்காரருக்குத் தானே போன் எடுக்கப்போவதாகச் சொன்னார். இந்த வயதில் தனக்கு இது தேவையில்லாத ஆசை என்றார். எனக்கு அவர் ஓட்டியதில் பிழை தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்கும்.

மண்டபத்தில் ட்ரெய்லரின் பின்கதவைத் திறந்ததும் எனக்கு விளங்கியது. கதவோடு ஒட்டிக் குத்துவிளக்குகள், பிள்ளையார், அம்மி. அவற்றுக்கு அடுத்ததாக இரும்புத் தகடுகள் அவ்வளவும் அடுக்கியிருந்தன. முன்னால், பிக்கப் பக்கமாக, பஞ்சுபோலப் பாரமில்லாத தூண்களும் வளைவுகளும் கதிரைகளும். பாரமெல்லாம் ட்ரெய்லரை உருட்டும் சில்லுக்குப் பின்னால் கிடந்தது. வாலில் பாரம் ஏறினால் ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். மூக்கு தூக்கினால் பிக்கப்பின் மேல் எடை விழாது. அதனால்தான் பிக்கப் அவ்வளவு நேராக நின்றது. ட்ரெய்லர் அதன்மேல் சாயவே இல்லை. சாயாத ட்ரெய்லர் ஆடத்தான் செய்யும்.

ஏன் அப்படி ஏற்றினார் என்பதற்கும் ஒரு கதை இருந்தது. மண்டபத்துக்குள் முதலில் போகவேண்டியது விளக்கும் பிள்ளையாரும் அம்மியும். ஒரு கலியாணத்தில் கதிரைகள் முதலில் இறங்கியதைப் பெண்ணின் பெரியப்பா ஒருவர் கண்டுவிட்டு, வேதக்காரருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாராம். அன்றிலிருந்து அக்கா சைவர்களைவிடச் சைவமாக இருந்தார். விளக்குகளுக்கு அடுத்து வேண்டியது தளத்தகடுகள். அவை இல்லாமல் தூணை நிமிர்த்த முடியாது. முதலில் இறங்குகிறது கடைசியில் ஏறவேண்டும். கடைசியில் ஏறுவது வாலில்தான் இருக்கும். அண்ணை ஓட்டிய காலத்தில் வேறு மாதிரி ஏற்றியிருக்கிறார்கள். அவர் மண்டபத்தில் எது முதலில் போகிறது என்று கவலைப்படாதவர்.

சனிக்கிழமை பின்னேரம் மணவறையைக் கழற்றி ஏற்றும்போது நான் ஒழுங்கை மாற்றினேன். தகடுகளைச் சில்லுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலுமாகக் கிடத்தி, பட்டியால் இறுக்கினேன். கொழுவியதும் பிக்கப்பின் பின்பக்கம் அமர்ந்தது. முன்பக்கம் ஏற்கனவே உயர்த்தியது, இன்னும் மேலே போனது. தண்ணீர் குடிக்கிற கோழி தலையைத் தூக்குவதுபோல மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அக்கா மண்டப வாசலில் இருந்து அதைப் பார்த்தார்.

“வரேக்க ஒழுங்கா நிண்ட வாகனம். என்ன செய்து வைச்சிருக்கிறீர்?”

வரும்போதுதான் பிழையாக நின்றது, இப்போதுதான் சரிக்குக் கிட்ட நிற்கிறது என்றேன். நான் அவரைப் பகிடி பண்ணுவதாக நினைத்தார்.

ஞாயிறு காலை மழையில் திரும்பினோம். ட்ரெய்லர் ஒரு தடவைகூட ஆடவில்லை. தண்டவாளத்தில் வருவதுபோல வந்தது. ஆனால் முன்சில்லுகளில் பாரம் குறைந்துவிட்டது. ஸ்டியரிங் கையில் வெறுமையாக இருந்தது. திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பியது. ஈரத்தில் பிரேக் அழுத்தும்போது முன்சில்லுகள் நிலத்தை முழுதாகப் பிடிக்கவில்லை. லைற் வெளிச்சம் முன்னால் போகிற கார்களின் கண்ணாடிகளுக்குள் அடித்தது. உள்ளே இருக்கும் திருகியால் லைற்றை இருக்கிற அளவுக்குக் கீழே இறக்கியும், எதிரே வருகிறவர்கள் எங்களுக்கு லைற் அடித்துக் காட்டிக்கொண்டு போனார்கள். ஆடுகிற ட்ரெய்லரைச் சரியாக்கப் போய், திரும்பாத வண்டி கையில் வந்தது. சுமையைப் பிழையாக வைத்தால் வண்டி நேராக நிற்கிறது, சரியாக வைத்தால் கோணுகிறது. அந்த வளையங்கள் இருக்கிற வரைக்கும் இரண்டில் ஒன்றுதான்.

அந்த வழியில் நான் எங்கள் ஆட்களைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் நேராகத் தெரியவேண்டும் என்கிற அவசரம் இருந்தது. முகாம் அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, வெளியே போகத் தோல் சப்பாத்தும் கோட்டும் வாங்கி வைத்திருந்தேன். வேலை கிடைத்தபோது அது இறைச்சித் தொழிற்சாலையில். அங்கே கோட்டை எந்த ஆணியில் கொழுவுவது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. சுமை வருவதற்கு முதலே நிமிர்ந்து நின்று பழகுகிறோம். வந்த பிறகு எங்கே அமர்வது என்று தெரியவில்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் சுமந்தது என்னைவிடக் கூட.

வளவுக்குள் வந்து நின்றதும் அண்ணை வெளியே வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டி வந்தால் அதைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டு நடப்பார். கீறல் இருந்தால் விரல் சொல்லிவிடும். அக்கா ட்ரெய்லருக்குப் பின்னால் நின்றார். அண்ணையின் கை முன்சில்லுக்கு மேலே உள்ள வளைவுக்குள் போனது. முஷ்டியை உள்ளே வைத்தார். அதற்கு மேல் மற்ற முஷ்டியையும் வைத்தார். இரண்டும் போயின.

“முன்னுக்கு ஆர் உசத்தினது?”

 அண்ணை ட்ரெய்லர் பக்கம் முகத்தைத் திருப்பி, “இஞ்சருமப்பா, உம்மைத்தான் கேக்கிறன்” என்றார்.

அக்கா சொல்லத் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மச்சான்மாரின் பகிடி, வளையம், பஸ், ஆட்டம், தான் இறங்கி மற்றப் பக்கம் போய் ஏறியது. தனக்குக் கைத்திறன் காணாது என்றும், விற்றுப்போடுவோம் என்றும் சொன்னார். அண்ணை கோபப்படவில்லை. விற்கத்தான் வேண்டுமென்றால் விற்போம் என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டு அக்காவின் முகம் போன விதத்தைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

“உங்கட கை இல்லை அக்கா. அம்மியும் இரும்பும் வாலில இருந்தது. நான் ஓடியிருந்தாலும் ஆடியிருக்கும்.”

“ஆறுதலுக்குச் சொல்லாதையும்.”

அவர் அப்படிச் சொன்னபடியால்தான் அளந்து காட்டவேண்டி வந்தது. வீட்டில் ஒரு நிறை பார்க்கும் மெஷின் இருந்தது. அண்ணை தினமும் நிறை பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் தெரியாதவர்களுக்கான மெஷின், அதனால் அது பேசும். ஏறி நின்றால் ஒரு பெண் குரல் ஜெர்மன் மொழியில் கிலோவைச் சொல்லும். மழை விட்டதும் அதைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்து, மேலே மரக்கட்டை வைத்து, ட்ரெய்லரின் மூக்கை அதில் இருத்தினால் மூக்கில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரிந்துவிடும். அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் தான் ஏற்றிய மாதிரியே ஏற்றிக் காட்டவேண்டும். நானும் அவரும் தகடுகளை எல்லாம் மறுபடி வாலுக்குக் கொண்டுபோனோம். முதுகு முறிகிற வேலை. அண்ணை படியில் இருந்துகொண்டு, நாங்கள் எதைத் தூக்குகிறோம் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கை மெஷினில் இறக்கினேன். அந்தப் பெண் ‘அஹ்ட்ஸேன்’ என்றாள். பதினெட்டு.

“பதினெட்டோ? எங்கட அரிசி மூட்டை இதைவிடப் பாரமப்பா,” என்றார் அண்ணை.

பிறகு தகடுகளைச் சில்லுக்கு மேலேயும் முன்னாலும் மாற்றினோம். மறுபடி இறக்கினேன். இந்த முறை அவள் எண்பதைத் தாண்டி ஒரு எண்ணைச் சொன்னாள். இந்தப் பெட்டிக்கு இவ்வளவு வேண்டும், அந்தக் குண்டு இதைத் தாங்கும் என்று ட்ரெய்லரின் தகட்டில் பொறித்திருந்ததை வாசித்துக் காட்டினேன். அக்கா மெஷினைத் தானே ஒருமுறை தூக்கிப் பார்த்தார், மூக்கைத் தானே ஒருமுறை இறக்கினார். அவள் அதே எண்ணைச் சொன்னாள். அக்கா மெஷினை நம்பினார். என்னை நம்புவதைவிட அது அவருக்குச் சுகமாக இருந்தது.

மிஞ்சியது வளையங்கள். அவற்றை வைத்துக்கொண்டு பின்பக்கத்துக்குக் காற்றுப் பைகள் பூட்டலாம், அதற்கு மறுபடி டியூஃப், மறுபடி பத்திரம். அல்லது வளையங்களை எடுத்துவிடலாம். இந்த வண்டியின் பின்பக்கம் தணிந்து நின்றது குனிவதற்கு அல்ல, சுமைக்கு இடம் விட்டு நின்றது என்று, முன்னையும் பின்னையும் மாற்றிச் சொல்லிக் குழறினேன். அக்காவுக்கு விளங்கியது.

“சுமைக்கு இடம் விட்டு விட்டே நாங்கள் போயிடுவம்,” என்றார்.

அவருக்கு அது விட மனமில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அண்ணை எழுந்து தடவிக்கொண்டு வந்து, பிக்கப்பின் முன்னால் ஒரு காலடி தள்ளி நின்றார். ட்ரெய்லர் கொழுவியபடி, மூக்கு மேலே. அக்காவை ஏறி ஓட்டுகிற இடத்தில் இருக்கச் சொன்னார். அக்கா கட்டையானவர், கதிரையில் ஒரு தலையணை வைத்துத்தான் இருப்பார்.

“என்னைத் தெரியுதோ?”

“தலை தெரியுது.”

“இருந்தால்?” அண்ணை குந்தினார்.

“இப்ப இல்லை.”

“எனக்கும் உம்மைத் தெரியேல்லை,” என்றார் அண்ணை, நிலத்தில் குந்தியபடியே. “கண் தெரியாதது ஒரு வீட்டில ஒரு ஆள் போதாதோ?”

அக்கா உள்ளே இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. நெடுநேரம் சிரித்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, வேர்க்ஸ்டாட்டில் வேலைக்கு நாள் குறித்து டெர்மின் எடுக்கச் சொன்னார். அண்ணையை முதலில் எழும்பச் சொன்னார்.

வளையங்கள் கழன்று வந்தன. பிக்கப் பழையபடி முன்னால் தணிந்து நின்றது. நான் சொன்னபடி ஏற்றிக் கொழுவியபோது, பின்பக்கம் இறங்கி, வண்டி ஏறக்குறைய மட்டத்துக்கு வந்தது. அக்கா ஒருதரம் சுற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிவிட்ட ஒரு தளபாடக் கடையின் வெறும் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டினோம். பிறகு ஆட்டோபானில் கொஞ்சத் தூரம், பிறகு மலைக்குள். முதல் தடவை ஒரு பஸ் எங்களைத் தாண்டியபோது அக்காவின் தோள்கள் காதுவரை ஏறின. ட்ரெய்லர் இலேசாக ஒருதரம் அசைந்துவிட்டுப் பின்னால் வந்தது. அடுத்த பஸ்ஸுக்குத் தோள் பாதிதான் ஏறியது.

விளக்கும் பிள்ளையாரும் அம்மியும் ட்ரெய்லரில் ஏறுவதை நிறுத்திவிட்டோம். அவை பிக்கப்பின் பின்கதிரையில், அம்மி சீட் பெல்ட் போட்டபடி. கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது அவைதான், எந்தப் பெரியப்பாவும் குறை சொல்ல முடியாது. தகடுகளை எடுப்பதற்கு முதலில் தூண்களைப் புல்லில் இறக்கவேண்டியிருந்தது. அது கொஞ்ச நேரம் கூட எடுத்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர்கள் வாசலை மறைக்கிறீர்கள் என்று முறுமுறுத்தார்கள். முறுமுறுப்பு அக்காவுக்குப் பழகின விஷயம்.

கோடை முடிகிற நேரத்தில் வால்டோர்ஃப் பக்கமாக ஒரு கலியாணம் வந்தது. இந்தியாவில் இருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற பிள்ளைகள். நானும் வாறன் என்றேன். அக்கா, வேண்டாம், அங்கே இறக்கி ஏற்ற மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்றார். வெள்ளி மதியம் தானே கொழுவினார், தானே பட்டிகளை இழுத்துப் பார்த்தார், மெஷினில் நிறை கேட்டார், போனார். வளவு வாசலில் திரும்பும்போது ட்ரெய்லர் மதிலில் இடிக்கவில்லை.

நானும் அண்ணையும் குசினி மேசையில் இருந்தோம். நான் தேத்தண்ணி போட்டேன், இருவரும் குடிக்கவில்லை. ரேடியோவில் வீதிச் செய்தி வரும்போதெல்லாம் அண்ணை கையைத் தூக்கிக் காட்டி என்னைப் பேசவேண்டாம் என்றார். நான் பேசவே இல்லை. எங்கேயோ ஒரு விபத்து என்று சொன்னார்கள், அது வேறு திசை. இன்னொன்று சொன்னார்கள், அது அவர் போகிற வழிதான், ஆனால் லொறிகள் இரண்டு என்றார்கள். அக்காவுக்குப் போன் எடுத்துப் பார்க்கட்டோ என்று கேட்டேன். ஓடுகிற ஆளுக்கு அடிக்கக்கூடாது என்றார் அண்ணை. விற்பதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. எனக்குத் தெற்கே கூரைகளில் சூரியத் தகடு பூட்டுகிற கம்பெனியில் அடுத்த மாதத்துக்கு வேலை பேசியாகிவிட்டது, அதைப் பற்றியும் கதைக்கவில்லை.

வெளியே வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. அண்ணை அதை மேசையில் தேடி எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அங்கே பின்னால் பெடியங்கள் சத்தம்போட்டு எதையோ தூக்குவது கேட்டது.

“இஞ்சரப்பா,” என்றார் அக்கா. “மண்டபக் கதவு சரியான ஒடுக்கம். சிங்கத்திலை ஒண்டுக்கு மூக்கு உரஞ்சிப்போட்டுது. அடுத்த சனி போஹூம் பக்கத்துக் கலியாணத்துக்கு அது வேணும். தங்கப் பெயின்ற் இருக்குதோ எண்டு பாருங்கோ.”

“ஓட்டம் எப்பிடி?” என்று கேட்டார் அண்ணை.

“ஓடினது. பெயின்ற்றைப் பாருங்கோ.”

அண்ணை எழுந்து கீழறைக்குப் போய், தட்டில் இருந்த தகரங்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தார். தங்கம் எது வெள்ளி எது என்று குலுக்கித் தெரியாது. நான் போய் எடுத்துக் கொடுத்தேன். மூடியைக் கிளப்பினால் பெயின்ற் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. கடை பூட்டுவதற்குள் புதிது வாங்கிவர நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன்.